உங்களுக்குத் தெரியுமா? வள்ளத்துக்கு ஒரு வயர்லெஸ்

பைபர் வள்ளத்துக்கு வயர்லெஸ் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். அடுத்து விலை. ஆன்டெனாவையும் கேபிளையும் பற்றிப் பெரும்பாலும் பேச்சே எழுவதில்லை. செட்டோடு எது வருகிறதோ அதை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறார்கள். குரல் எட்டுமா எட்டாதா என்பது பாதிக்கு மேல் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. இந்த முறை துணுக்குகள் எல்லாம் அதைச் சுற்றியே.

● கடல் வயர்லெஸ் இயங்கும் வி.எச்.எஃப். அலைவரிசை 156 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்குகிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கடலின் வளைவுக்கு அப்பால் இருப்பவருக்கு அது கேட்காது. அதனால் தூரத்தை முதலில் தீர்மானிப்பது தண்ணீருக்கு மேல் ஆன்டெனா நிற்கும் உயரம். கணக்கும் எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் காணுங்கள், அதை 4.1-ஆல் பெருக்குங்கள். உங்கள் அலை தொடக்கூடிய அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். கேட்பவரின் ஆன்டெனாவுக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும்.

வள்ளத்தில் உட்கார்ந்தபடி வாக்கிடாக்கியில் பேசுகிறீர்கள், ஆன்டெனா தண்ணீரிலிருந்து 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நிலையில் இருக்கும் இன்னொரு வள்ளத்துக்கு 8 கிலோமீட்டர்தான் எட்டும். இருவரும் 4 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா வைத்திருந்தால் 16 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த 4 மீட்டர் கம்பத்திலிருந்தே 49 கிலோமீட்டர் வரை வழி திறந்திருக்கிறது.

● 1 மீட்டரை 4 மீட்டராக உயர்த்தினால் உங்கள் அடிவானம் இரண்டு மடங்காகும். 4 மீட்டரை 9 மீட்டராக உயர்த்தினால் கூடுதலாகக் கிடைப்பது 4 கிலோமீட்டர்தான். ஆகவே சிறிய வள்ளத்தில் ஆபத்தான உயரத்துக்குக் கம்பம் நட வேண்டியதே இல்லை. மடக்கி வைக்கத்தக்க ஒரு 3 மீட்டர் குழாயும் அதன் உச்சியில் ஆன்டெனாவும் போதும். வலை வாங்கும்போது குழாயைச் சாய்த்து வைக்கலாம், பேச்சு தேவைப்படும்போது நிமிர்த்தலாம்.

● படகிலேயே பொருத்தி வைக்கும் ‘பொருத்து வயர்லெஸின்’ உச்ச சக்தி 25 வாட். உலகம் முழுவதும் அதுதான் வரம்பு. வாக்கிடாக்கி 5 அல்லது 6 வாட். ஐந்து மடங்கு வாட் என்றதும் ஐந்து மடங்கு தூரம் என்று பலர் நினைக்கிறார்கள். அடிவானத்தை வாட் ஒரு மீட்டர்கூட நகர்த்தாது. அடிவானத்துக்கு உள்ளே, இரைச்சலை மீறிக் குரல் தெளிவாகக் கேட்க அது உதவும். அது பெரிய உதவிதான். ஆனால் படகின் தரையில் கிடக்கும் ஆன்டெனாவோடு சேர்ந்த 25 வாட்டைவிட, கம்ப உச்சியில் இருக்கும் ஆன்டெனாவோடு சேர்ந்த 5 வாட் பல நேரம் அதிக தூரம் போகும். கையடக்க வாக்கிடாக்கியின் ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி, தகுந்த இணைப்பி வழியாக வெளி ஆன்டெனாவை மாட்ட முடியும். கழற்ற முடியாத மாடலும் உண்டு. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

● ஆன்டெனா அட்டையில் 3 டெசிபல், 6 டெசிபல், 9 டெசிபல் என்று போட்டிருக்கும். எண் கூடினால் நல்லது என்பது சிறு படகுக்குப் பொருந்தாது.

ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. உருண்டை மாவை அடையாகத் தட்டுவதுபோல, எல்லாப் பக்கமும் போகும் அலையைத் தட்டையாக்கி அடிவானத்தை நோக்கிப் பரப்புகிறது, அவ்வளவுதான். மாவு அதே மாவு. 9 டெசிபல் ஆன்டெனாவில் இந்த அடை மிக மெல்லியது. கப்பல் போல அசையாமல் நிற்கும் இடத்தில் அது சிறப்பாக வேலை செய்யும். 8 மீட்டர் வள்ளமோ அலைக்கு அலை உருளும். ஒரு பக்கம் சாயும்போது உங்கள் குரல் கடலுக்குள் போகும், மறுபக்கம் சாயும்போது வானத்துக்குப் போகும். எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் வந்து வந்து மறையும். காற்று பிடித்த நாளில்தான் வயர்லெஸ் அதிகம் தேவைப்படும், படகு அதிகம் உருளுவதும் அன்றைக்குத்தான்.

சிறிய வள்ளத்துக்கு 3 டெசிபல் ஆன்டெனாதான் என் தேர்வு. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள சிறிய சவுக்கு அது. கம்ப உச்சியில் எளிதாக நிற்கும். அறை கட்டிய விசைப்படகு என்றால் 2.4 மீட்டர் நீளமுள்ள 6 டெசிபல் வைக்கலாம். 9 டெசிபல் பக்கம் போகவே வேண்டாம்.

● கார் கூரையில் நிற்கும் கால் அலை ஆன்டெனாவைக் கொண்டுவந்து பைபர் படகில் பொருத்துகிறவர்கள் உண்டு. விலை மலிவு, பார்க்கவும் கடல் ஆன்டெனா போலவே இருக்கும். ஆனால் அந்த வகைக்குக் கீழே அகலமான உலோகத் தகடு வேண்டும். காரில் கூரையே அந்தத் தகடு. பைபரும் மரமும் அந்த வேலையைச் செய்யாது. கடல் வி.எச்.எஃப். அலையின் நீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர். அதில் பாதி அளவுக்கு அமைக்கப்பட்ட அரை அலை ஆன்டெனாவுக்குக் கீழ்த்தகடு தேவையில்லை. பைபர் வள்ளக்காரர் கடையில் சொல்ல வேண்டிய சொல் ‘அரை அலை’. அதைச் சொல்லாமல் வாங்கினால் 25 வாட் செட்டும் பாதிச் சக்தியில் தடுமாறும்.

● வாக்கிடாக்கியை நிமிர்த்திப் பிடித்துப் பேசுங்கள். எல்லாப் படகுகளின் ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்பதால், படுத்திருக்கும் ஆன்டெனாவின் அலையை அவை சரியாக வாங்காது.

● இனி கேபிள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் ஓடினால் சக்தியில் பாதியைத் தின்றுவிடும்: செட்டில் 25 வாட், ஆன்டெனாவில் பன்னிரண்டரை. அதே தூரத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டால் இழப்பு பாதிக்கும் குறைவு. ஆனால் வள்ளத்தில் கேபிள் 6 மீட்டரைத் தாண்டுவது அரிது. அந்த நீளத்தில் ஆர்ஜி-58 போட்டாலும் 19 வாட் போய்ச் சேரும். ஆகவே தடிமனுக்காகப் பெரிய பணம் செலவழிக்க வேண்டாம். மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்டி வைக்காமல் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சமாகும் காசை வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் உள்ள கேபிளுக்குக் கொடுங்கள். சாதாரணச் செம்பு உப்புத் தண்ணீர் பட்டால் கறுத்துவிடும்; வெள்ளீயம் பூசியது தாங்கும்.

● வயர்லெஸ் கெட்டுப்போனது என்று கொண்டுவரப்படும் செட்டுகளில் பலவற்றில் செட்டுக்கு ஒரு குறையும் இருக்காது. குறை பிஎல்-259 என்ற அந்தத் திருகு இணைப்பியில் இருக்கும். கடலில் எங்கும் பயன்படும் இணைப்பி அது. ஆனால் அதன் அமைப்பிலேயே நீர்த்தடுப்பு கிடையாது. உப்புத் தண்ணீர் ஒரு முறை உள்ளே போனால் கேபிளின் பின்னல் வழியாக மெல்ல ஏறி, வெளியே தெரியாமலே முழு நீளத்தையும் அரித்துவிடும்.

இதற்குச் சாதாரணக் கறுப்பு டேப் போதாது. வெயிலில் பசை இளகி உரிந்து வந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் டேப் ஒன்று இருக்கிறது. கீழிருந்து மேலாகச் சுற்றினால் மேலிருந்து வழியும் தண்ணீர் மடிப்புக்குள் இறங்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை அறுத்தெறிந்து, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். பச்சை தெரிந்தால் இணைப்பியையும், கேபிளில் கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி மாற்ற வேண்டும்.

● ஆன்டெனா மாட்டாமல் மைக் பட்டனை அழுத்தவே கூடாது. வெளியேற வழியில்லாத சக்தி செட்டுக்குள்ளேயே திரும்பி, இறுதிக்கட்ட டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடலாம். கேபிள் அரித்திருந்தாலும் இதே ஆபத்து, குறைந்த அளவில். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்ற சிறு கருவி எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும். 1.5 காட்டினால் திரும்புவது 4 விழுக்காடு, கவலையில்லை. 2 காட்டினால் 11 விழுக்காடு. 3 என்றால் கால் பங்கு திரும்பி வருகிறது. கடலுக்குப் போகும் முன் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஊருக்கு ஒரு மீட்டர் போதும். மீனவர் சங்கங்கள் ஒன்று வாங்கி வைத்தால் எத்தனையோ படகுகளுக்கு உதவும்.

● பைபர் ஆன்டெனா வெயிலில் மேல்பூச்சு கரைந்து, தொட்டால் கையில் முள் குத்தினால் பெயின்ட் அடிக்கலாம். அலுமினியம் கலந்த வெள்ளிநிறப் பெயின்ட் மட்டும் கூடாது. உலோகத் துகள் அலையை மறிக்கும்.

● கேட்டால் நன்றாகக் கேட்கிறது, மைக்கை அழுத்தினால் செட் அணைந்துவிடுகிறது. இந்தக் குறையைக் கேள்விப்படாத இறங்குதுறை இருக்காது. காரணம் பெரும்பாலும் மின்கம்பி. 25 வாட்டில் பேசும்போது செட் 5 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கும் செட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால், போகும் கம்பியும் வரும் கம்பியுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் 11 பக்கம் இறங்கிவிடும். பல செட்டுகள் 11.7 வோல்ட்டுக்குக் கீழே இயங்கும் என்று உறுதி தருவதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போடுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள்.

பேட்டரி பெரிதாக வேண்டியதில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் அரை ஆம்பியருக்குள்தான் எடுக்கும். 12 மணி நேரக் கேட்பும், மொத்தமாகக் கால் மணி நேரப் பேச்சும் சேர்த்தாலும் 8 ஆம்பியர்-மணிக்குள் முடிந்துவிடும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய வெளிப்பொருத்து எஞ்சினில் சார்ஜ் ஏறாது என்பதால், தினமும் கரையில் சார்ஜ் போட்டு எடுத்துப் போகும் வழக்கம் வேண்டும்.

● ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. திசைகாட்டியிலிருந்து செட்டை ஒரு மீட்டராவது தள்ளிப் பொருத்துங்கள்.

● இரைச்சல் பிடிக்கவில்லை என்று ஸ்குவெல்ச் குமிழை முழுவதும் திருகி வைப்பவர்கள், அந்த இரைச்சலோடு சேர்த்துத் தூரத்துக் குரல்களையும் வெட்டிவிடுகிறார்கள். உதவி கேட்பவரின் குரல் வலுவாக வராது. இரைச்சல் நிற்கும் இடம் வரை திருகி, அங்கேயே விட்டுவிட வேண்டும்.

● 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக்கும் அழைப்புக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவானது. கடலோரக் காவல்படை நிலையங்களும் கப்பல்களும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆளைக் கூப்பிட்டதும் 72, 77 போன்ற படகுக்குப் படகு சேனலுக்கு மாறிப் பேச வேண்டும். மீன் விலையையும் நீரோட்டத்தையும் 16-இல் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லித் தீராது. இந்த வகை வயர்லெஸில் இரண்டு பேர் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான குரல் மட்டும்தான் கேட்கும். மெல்லிய குரல் இருந்த சுவடே தெரியாது. பக்கத்து வள்ளத்தின் அரட்டை, பத்து மைல் தள்ளி மூழ்கிக்கொண்டிருப்பவரின் குரலை முழுவதுமாக அழித்துவிடும். மைக்கின் பட்டன் வலைக்கட்டின் அடியில் சிக்கி அழுந்திக் கிடந்தாலும் அதே கதிதான். மைக்கைக் கொக்கியில் மாட்டி வையுங்கள்.

● கடலில் வயர்லெஸ் மூலம் உதவி கேட்ட முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று 1899-இல் நடந்தது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் நின்றிருந்த ஈஸ்ட் குட்வின் விளக்குக் கப்பலை மூடுபனியில் இன்னொரு கப்பல் மோதியது. விளக்குக் கப்பலில் மார்கோனியின் கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. கரைக்குச் செய்தி போய் உயிர்காக்கும் படகு வந்தது.

● வயர்லெஸில் மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பட்டன் எதற்கு? டி.எஸ்.சி. என்ற எண்முறை அழைப்புக்கு. மூடியைத் திறந்து சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உங்கள் படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் 70-ஆம் சேனலில் தானாகவே போகும். எட்டும் தூரத்தில் இருக்கும் டி.எஸ்.சி. செட்டுகள் எல்லாம் அலறும். பதற்றத்தில் வாய் குழறினாலும் பட்டன் குழறாது.

1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் ஆபத்துத் தொடர்பு முறைப்படி, பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் 70-ஆம் சேனலை இடைவிடாமல் கேட்க வேண்டும். கன்னியாகுமரியைச் சுற்றிப் போகும் கப்பலின் ஆன்டெனா 36 மீட்டர் உயரத்தில் இருந்தால், உங்கள் 4 மீட்டர் கம்பத்திலிருந்து 33 கிலோமீட்டர் வரை அது உங்களைக் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு வேலைகளைக் கரையிலேயே முடித்திருக்க வேண்டும். ஒன்று, எம்.எம்.எஸ்.ஐ. என்ற ஒன்பது இலக்க எண்ணைப் பெற்றுச் செட்டில் பதிவது. இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். பல செட்டுகளில் இந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால் நிதானமாகப் பதியுங்கள். இரண்டு, ஜி.பி.எஸ். இணைப்பு. செட்டுக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கும் மாடலாக வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த ஒரே வசதி என்று நான் இதைத்தான் சொல்வேன். எண் பதியாத செட்டில் சிவப்புப் பட்டன் வெறும் அலங்காரம்.

● பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருள் இல்லை. மிதக்கும் வாக்கிடாக்கி தனி ரகம். அட்டையில் அப்படியே எழுதியிருக்கும். பொருத்து வயர்லெஸ் வைத்திருப்பவரும் மிதக்கும் வாக்கிடாக்கி ஒன்றைச் சட்டையோடு கட்டி வைத்துக்கொள்வது நல்லது. வள்ளம் கவிழ்ந்தால் பேட்டரியும் கம்பமும் அதோடு போய்விடும்.

● வெயில் காலத்தில், காற்றில்லாத சில இரவுகளில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துறைமுகத்தின் பேச்சு உங்கள் செட்டில் தெளிவாகக் கேட்கும். கடல்மேல் படியும் ஈரக்காற்று அலையை வளைத்துக் கொண்டுபோவதால் நடப்பது இது. அதை நம்பித் தூரம் போகக் கூடாது. விடிந்தால் இருக்காது.

● மொபைல் இருக்க வயர்லெஸ் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு: மொபைலில் ஒரு எண்ணுக்குப் பேசுகிறீர்கள், அந்த ஒருவர் எடுக்க வேண்டும். வயர்லெஸில் எட்டும் தூரத்தில் இருக்கும் அத்தனை படகுகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது. உதவிக்கு முதலில் வரப்போவது பெரும்பாலும் பக்கத்து வள்ளம்தான். சிக்னல் இருக்கும் இடத்தில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் கூப்பிடலாம். அதை மொபைலில் இன்றே பதிந்து வையுங்கள்.

● பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமூக வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. கடல் வயர்லெஸில் அது கிடைக்காது. சட்டைப்பையில் ஒரு சின்ன எஃப்.எம். ரேடியோவும் இருக்கட்டும்.

● 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே வேகமாக உருவானபோது, பல நாள் தங்கலுக்குப் போயிருந்த படகுகள் வி.எச்.எஃப். எட்டும் எல்லையைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்தன. எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. அந்தக் கரைக் கிராமங்கள் இழந்ததை எந்தக் கருவியும் ஈடு செய்யாது. ஆனால் அடிவானத்துக்கு அப்பால் போகிறவருக்கு வி.எச்.எஃப். மட்டும் போதாது என்பதை அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை.

2019 அக்டோபரில் வந்த ‘ஜெமினி’ கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை வாங்கி மீனவரின் மொபைலுக்குக் கொடுக்கிறது. அது ஒருவழிதான்; நீங்கள் பேச முடியாது. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, உங்கள் அழைப்பு கரைக்குக் கிடைத்துவிட்டது என்ற பதிலையும் கடலுக்கே திருப்பி அனுப்புகிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. இவை எதுவும் வயர்லெஸுக்கு மாற்றாகாது. டிரான்ஸ்பாண்டரின் செய்தி செயற்கைக்கோளுக்குப் போய்க் கரைக்கு வருகிறது. இரண்டு மைல் தள்ளி வலை போட்டுக்கொண்டிருக்கும் பங்காளிக்கு அது கேட்காது.

● ஆபத்து அழைப்பில் சொல்ல வேண்டிய வரிசை: ‘மேடே’ மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு இருக்கும் இடம். அதன் பின்னரே என்ன ஆபத்து, எத்தனை பேர், என்ன உதவி என்பதெல்லாம். இடத்தை முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு: பேட்டரி பாதியில் நின்றாலும் தேடி வர வழி இருக்கும். ஜி.பி.எஸ். எண் வாசிக்க முடியாவிட்டால் ‘முட்டத்துக்குத் தெற்கே 12 மைல், 30 பாகம் தண்ணீர்’ என்று சொன்னாலும் நம் கடலை அறிந்தவருக்குப் புரியும். இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் செட்டின் அருகில் ஒட்டுங்கள். வள்ளத்தில் ஏறும் கடைக்குட்டிப் பையனுக்கும் செட்டை ஆன் செய்து 16-க்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

● கடல் வயர்லெஸுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். செட்டும் அந்தத் துறையின் ஒப்புதல் பெற்ற மாடலாக இருக்க வேண்டும். எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் மலிவு வாக்கிடாக்கிகளில் டி.எஸ்.சி.யும் கிடையாது, பலவற்றில் நீர்த்தடுப்பும் கிடையாது. பட்ஜெட் குறைவு என்றால் ஒப்புதல் பெற்ற ஒரு மிதக்கும் வாக்கிடாக்கி, ஒரு 3 டெசிபல் அரை அலை ஆன்டெனா, வெள்ளீயம் பூசிய கேபிள் 6 மீட்டர், ரப்பர் டேப் ஒரு சுருள். பொருத்து வயர்லெஸை அடுத்த பருவத்தில் வாங்கிக்கொள்ளலாம்; ஆன்டெனாவும் கேபிளும் அதற்கும் அப்படியே உதவும்.